முர்தாபாக்கை ஒளிச்சு வச்ச கதை

இனிமே என் போன்ல ஒரு பருக்கை சோறுகூட இருக்கக்கூடாது.

இப்படி ஒரு சபதத்தை ஒரு மனுசன் எடுக்கிறான்னா, அவன் என்ன பாடு பட்டிருப்பான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. நான் ரூபேந்திரன். கூலாய்ல வீடு, சேனாய் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரில சூப்பர்வைசர். என் கீழ பன்னெண்டு மெஷின் ஓடுது. சத்தத்தை வச்சே எந்த மெஷினுக்கு என்ன கோளாறுன்னு சொல்லிடுவேன். என் சத்தத்தை வச்சே எனக்கு என்ன கோளாறுன்னு சொல்றவங்க எங்க வீட்டுல இருக்காங்க. அவங்க பேரு லோஷினி. பல் கிளினிக்ல டாக்டரம்மாவுக்கு உதவியாளர்.

மத்த வீட்டுல புருசன் வேலை முடிஞ்சு வந்தா "வாங்க"ம்பாங்க. எங்க வீட்டுல "வா"வோட நிக்காது. "வாயைத் திறங்க"ன்னு போகும்.

"கடைவாய்ப் பல்லுல சம்பால் மிளகாய். ராசம்மா அக்கா கடை நாசி லெமாக் சோறு."

"ஏன், வேற கடையா இருக்கக்கூடாதா?"

"நெத்திலித் தலை இருக்கு. இந்த ஊர்ல ராசம்மா அக்கா மட்டும்தான் தலையைக் கிள்ளாமப் பொரிப்பாங்க."

இவ மட்டும் போலீசுல சேர்ந்திருந்தா ஜொகூர்ல திருட்டுத் தொழிலே படுத்திருக்கும். என்ன செய்ய, பல்லு பக்கம் போயிட்டா.

இவ்வளவுக்கும் காரணம் இனிப்பு நீர் வியாதி. இன்னும் வரல. வாசல் வரைக்கும் வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டு இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. "அப்ப இன்னும் உள்ள வரல இல்ல டாக்டர்?"னு கேட்டேன். அவரு லோஷினியைப் பார்த்தாரு. லோஷினி என் தொப்பையைப் பார்த்தா. அன்னையிலிருந்து எங்க வீட்டு அடுப்புல ஓட்ஸ், பாவக்காய், மறுபடியும் ஓட்ஸ்.

அதையும் தாங்கிக்குவேன். ஆனா மெர்சிங் இருக்கே. வருசா வருசம் ஃபேக்டரி கூட்டாளிங்க சேர்ந்து மெர்சிங் போய், படகு எடுத்து, சோத்தோங், அதான் கணவா மீன், பிடிப்போம். பிடிச்ச சோத்தோங்கை அங்கேயே பொரிச்சு, சுடச்சுட, விரலைச் சுட்டுக்கிட்டு சாப்பிடுவோம். எனக்கு தீபாவளி வருசத்துக்கு ரெண்டு. ஒண்ணு நாட்காட்டியில இருக்கும், ஒண்ணு மெர்சிங்ல இருக்கும். லோஷினி அதுலதான் கையை வச்சா.

"அடுத்த ரத்த டெஸ்ட் நல்லா வந்தா மெர்சிங் போங்க. இல்லன்னா அந்த வாரம் என்கூட பார்க்கைச் சுத்தி நடங்க."

"ஏம்மா, மெர்சிங்ல நடக்கிறேனே."

"படகுல எங்க நடப்பீங்க?"

நான் நாட்காட்டியை எடுத்து டெஸ்ட்டுக்கு இன்னும் எத்தனை நாள்னு எண்ண ஆரம்பிச்சேன்.

நானும் கட்டுப்பாடா இருக்கணும்னுதான் நினைச்சேன். காலையில நினைப்பேன். பத்து மணிக்கு டீ குடிக்கக் கிளம்பினா ராசம்மா அக்கா கடை வாசல்ல வண்டி தானா நின்னுடும். சாயங்காலம் அமீர் கடை. அமீர் நம்ம கூலாய்ல மாமாக் கடை, அதான் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, வச்சிருக்கிறவரு. அவரு ஆட்டுக்கறியை உள்ள வச்சு மடிச்சு முர்தாபாக் ரொட்டி போடுற அழகைப் பார்த்துட்டு சும்மா வர்றவன் மனுசனே கிடையாது.

திங்கிறதோட விட்டிருந்தா பரவாயில்ல. எனக்கு ஒரு கெட்ட பழக்கம். சாப்பிடுறதுக்கு முன்னாடி பேசிக்கிட்டே ஒரு வீடியோ எடுப்பேன். "பாருங்க மக்களே, இந்த ஓரம் எப்படி முறுகலா இருக்கு"ன்னு. எந்த மக்களும் கிடையாது. யாருக்கும் அனுப்ப மாட்டேன். வீட்டுல ஓட்ஸ் சாப்பிடும்போது நானே போட்டுப் பார்த்துக்குவேன். வாயில ஓட்ஸ், கண்ணுல முர்தாபாக். ஓட்ஸுக்குத் தொட்டுக்க வேற என்ன இருக்கு?

ஒரு ஞாயித்துக்கிழமை மாட்டிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை லோஷினி வீட்டைக் கூட்டுவா, மெத்தையை உதறுவா, என் போனையும் உதறுவா.

"இது என்ன, பாகு ஊத்தின ஐஸ் செண்டோல்?"

"யாரோ குரூப்ல அனுப்பினது."

"கரண்டியில மூஞ்சி தெரியுது."

"யாரு மூஞ்சி?"

"நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கிற மூஞ்சி. பெரிசாக்கிக் காட்டவா?"

இன்னொரு தடவை இந்த மாதிரி எதுவும் கண்ணுல பட்டா டெஸ்ட் வரைக்கும்கூட காத்திருக்க மாட்டேன், மெர்சிங் அப்பவே கான்சல்னு சொல்லிட்டா. அப்பத்தான் அந்தச் சபதம். போன்ல ஒரு பருக்கை சோறுகூட இருக்கக்கூடாது. அழிச்சிடலாமான்னு கேக்காதீங்க. பெத்த பிள்ளைங்களை யாராவது அழிப்பாங்களா?

பக்கத்து வீட்டுக் காளியப்பன்கிட்ட வேலியோரமா நின்னு கஷ்டத்தைச் சொன்னேன். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டு வர்றவன். வயசு கம்மி, மூளை ஜாஸ்தி. என் விசயத்துல மூளை கம்மின்னு பின்னாலதான் தெரிஞ்சது.

"அண்ணே, போன்லயும் வைக்காதீங்க, வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் வைக்காதீங்க. இப்ப மையமில்லாத சேமிப்புன்னு ஒண்ணு இருக்கு."

"மையம் இல்லன்னா? நடுவுல ஓட்டையா?"

"அது டோனட் அண்ணே. இது வேற. ஒரே கம்பெனி, ஒரே கட்டடம்னு எதுவும் கிடையாது. உலகம் பூரா யார் யாரோ கம்ப்யூட்டர்ல காலி இடம் கிடக்கு இல்ல? உங்க வீடியோவைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பூட்டி, ஆளுக்கு ஒண்ணா குடுத்துடும். வச்சிருக்கிறவனுக்கே அது என்னன்னு தெரியாது."

"புரியல லா."

"ஒரு முர்தாபாக்கை எட்டா வெட்டி எட்டு பேருகிட்ட குடுத்து வைக்கிறீங்கன்னு வச்சுக்குங்க."

"எட்டு பேரும் தின்னுடுவான்."

"திங்க முடியாது. பூட்டு போட்டிருக்கு. சாவி உங்ககிட்ட."

"எட்டுல ஒருத்தன் கடையைச் சாத்திட்டுப் போயிட்டா?"

"அதுக்குத்தான் ஒரே துண்டை நாலு இடத்துல வைப்பாங்க. ஒருத்தன் போனா இன்னொருத்தன் தருவான். ஒரு துண்டு போலந்துல, ஒரு துண்டு பிரேசில்ல. அண்ணி போலந்து வரைக்கும் போய்த் தேடுவாங்களா?"

நான் கொஞ்சம் யோசிச்சேன். லோஷினியைப் பத்தி அவனுக்குச் சரியாத் தெரியாது. இருந்தாலும் அவ பாஸ்போர்ட் முடிஞ்சு போச்சு, இன்னும் புதுப்பிக்கல. அதனால தைரியம் வந்துச்சு.

"இந்த வெட்டுறது, பூட்டுறது எல்லாம் எனக்குத் தெரியாதே காளி."

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அதைக் கவனிச்சுக்க ஒரு ஏஐ உதவியாளர் இருக்கு. தமிழ்ல பேசுங்க போதும். சொன்னதைச் சொன்னபடி செய்யும்."

சொன்னதைச் சொன்னபடி செய்யும். இந்த வார்த்தையை நான் அன்னைக்கு நல்ல செய்தின்னு எடுத்துக்கிட்டேன்.

போன்ல இறக்கினேன். காருக்குள்ள உட்கார்ந்து கண்ணாடியை ஏத்திக்கிட்டு பேச ஆரம்பிச்சேன். குரல் இனிமையா, ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாத மாதிரி இருந்துச்சு.

"வணக்கம். உங்க ஃபைல்களை எங்க வைக்கணும்னு சொல்லுங்க."

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க நாட்டுல எல்லாரும் பாஸ்தான். கடையில டீ கலக்குறவரும் பாஸ், டயருக்குக் காத்தடிக்கிறவரும் பாஸ். பேரு தெரியலன்னா பாஸ், தெரிஞ்சாலும் பாஸ். அந்தப் பழக்கத்துல மெஷினையும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

"எங்க வேணும்னாலும் வை பாஸ். போலந்துல வை, பிரேசில்ல வை. ஆனா ஒண்ணு. வீட்டுக்கு மட்டும் தெரியக்கூடாது."

வீடுன்னா யாருன்னு உங்களுக்குத் தெரியும். வெளி ஆளுங்ககிட்ட பொண்டாட்டி பேரைச் சொல்ற வழக்கம் நம்ம ஆம்பளைங்களுக்குக் கிடையாது. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்"னு சொன்னா செங்கல்கிட்டயா போய்க் கேக்கிறோம்? உங்ககிட்ட லோஷினின்னு சொன்னேன்னா, நீங்க நம்ம ஆளு.

"புரிஞ்சது. வீட்டுக்குத் தெரியாதபடி அமைச்சிட்டேன். அடுத்தது, உங்க சாவி தொலைஞ்சு போச்சுன்னா இந்த வீடியோக்களைத் திரும்ப எடுக்கவே முடியாது. அதனால மாத்துச் சாவி ஒண்ணு நம்பிக்கையானவங்ககிட்ட இருக்கணும். அவங்களும் எல்லாத்தையும் பார்க்க முடியும். யாருகிட்ட குடுக்கலாம்?"

யோசிச்சேன். காளியப்பன் நல்லவன், ஆனா அவன் பொண்டாட்டி லோஷினியோட வாட்ஸ்அப் கூட்டாளி. அமீர் நல்லவரு, ஆனா அவருகிட்ட சொல்ற ரகசியம் அடுத்த தே தாரேக் டீ ஆறதுக்குள்ள நாலு மேசைக்குப் போயிடும். மனுசனை நம்புறதைவிட மெஷினை நம்பலாம்.

"வெளி ஆளு யாரும் வேணாம். பாஸ்கிட்டயே இருக்கட்டும்."

"பாஸ்கிட்டயா?"

"ஆமா. பாஸைவிட நம்பிக்கையான ஆளு எனக்கு யாரு இருக்கா?"

"நல்ல முடிவு. அனுப்பியிருக்கேன்." நான் காரு கண்ணாடியைத் துடைச்சேன். அப்புறம் சொல்லுச்சு, "பாஸ் ஏத்துக்கிட்டாங்க."

நான் உருகிப் போயிட்டேன். தன்னைத்தானே "ஏத்துக்கிட்டாங்க"ன்னு மரியாதையா சொல்லிக்கிற ஒரு மெஷினை நான் பார்த்ததே இல்ல. என் ஃபேக்டரில பன்னெண்டு மெஷின் இருக்கு, ஒண்ணுக்காவது இந்தப் பண்பு உண்டா?

அதுக்கப்புறம் என் பொற்காலம். காலையில ராசம்மா அக்கா, சாயங்காலம் அமீர், சனிக்கிழமை கோத்தா திங்கி போற ரோட்டுல செண்டோல். வீடியோ எடுப்பேன். "உள்ள வை பாஸ்"ம்பேன். "வச்சாச்சு. முர்தாபாக், ஆட்டிறைச்சி, குழம்பு ரெண்டு கிண்ணம். அமீர் கடை, கூலாய்"னு தலைப்பு போட்டு, கடை பேரோட அடுக்கி வச்சிடும். போன்ல இருந்து துடைச்சிடும். ஞாயித்துக்கிழமை லோஷினி போனை எடுத்துப் பார்த்தா ரோஜாப்பூ, முருகன், காலை வணக்கம், மறுபடியும் ரோஜாப்பூ.

"பரவாயில்லையே, திருந்திட்டீங்களே"ன்னு சிரிச்சா.

அந்தச் சிரிப்பைப் பாசம்னு நினைச்சேன். வாயைத் திறக்கச் சொல்றதைக்கூட நிறுத்திட்டா. நம்பிக்கை வந்துடுச்சு பாருன்னு எனக்கு ஒரே பெருமை.

ஒரு சின்னச் சங்கடம் மட்டும் இருந்துச்சு. முதல் நாள் ஓட்ஸ் கிண்ணத்தோட ஹாலுல உட்கார்ந்து, காதுல வயரை மாட்டிக்கிட்டு, "முர்தாபாக்கைக் காட்டு பாஸ்"னேன்.

"இங்க காட்ட முடியாது."

"ஏன்?"

"வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னீங்க. நீங்க இப்ப வீட்டுக்குள்ள இருக்கீங்க."

அடேங்கப்பா, என்ன ஒரு பாதுகாப்புன்னு மெச்சிக்கிட்டேன். சமையலறைக்குப் போனேன், திறக்கல. குளியலறை, திறக்கல. கார் நிறுத்துற இடம், திறக்கல. கேட்டைத் திறந்து லோங்காங் சாக்கடையைத் தாண்டி ரோட்டுல கால் வச்சேன். முர்தாபாக் பளிச்சுன்னு வந்துச்சு.

அதுல இருந்து தினமும் சாக்கடை ஓரமா நின்னுதான் சாப்பாடு. கையில கிண்ணம், காதுல வயரு, கண்ணுல தண்ணி. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு மனசு கேக்கல. பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு கொண்டு வந்து போட்டுட்டு, "பொண்டாட்டி விரட்டிட்டாங்களா?"ன்னு மெதுவா கேட்டாங்க. இல்ல ஆன்ட்டி, காத்து வாங்கறேன்னேன். அந்த லோங்காங்ல வர்ற காத்து எப்படின்னு அவங்களுக்கும் தெரியும். என் தோளைத் தட்டிட்டுப் போனாங்க.

லோஷினியும் கேட்டா. "ஏங்க, கிண்ணத்தோட ரோட்டுல என்ன?"

"இயற்கையோட சேர்ந்து சாப்பிட்டா சீனி குறையுமாம்."

"அப்படியா? நல்லா சாப்பிடுங்க"ன்னு கேட்டைத் திறந்து விட்டா. எவ்வளவு நல்ல பொண்டாட்டி.

டெஸ்ட் நாள் நெருங்க நெருங்கத்தான் எனக்கு உண்மை உறைச்சுது. வீடியோவை ஒளிச்சிட்டேன், ரத்தத்தை எங்க ஒளிக்கிறது? அதையும் துண்டு துண்டா வெட்டி போலந்துக்கு அனுப்ப முடியுமா? மெர்சிங் போச்சு, சோத்தோங் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். துக்கத்துல அமீர் கடைக்குப் போய் ரெண்டு முர்தாபாக் சாப்பிட்டேன்.

"டேஸ்ட் எப்படி தம்பி?"ன்னு அமீர் கேட்டாரு. அவரு கொஞ்ச நாளா தினமும் கேக்கிறாரு.

"ஆடு வாயில கரையுது பாய்."

"அல்ஹம்துலில்லா"ன்னு சிரிச்சுக்கிட்டே உள்ள போனாரு.

டெஸ்ட் ரிசல்ட் வாங்க டாக்டர்கிட்ட லோஷினியும் வந்தா. டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு மறுபடியும் பார்த்தாரு. நான் நாற்காலி கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேன்.

"ரூபேந்திரன், சீனி நல்லா இறங்கியிருக்கு. கொழுப்பும் இறங்கியிருக்கு. என்ன பண்ணீங்க?"

எனக்கே தெரியல. ஆனா தெரியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

"கட்டுப்பாடு டாக்டர். மனசு வச்சா எல்லாம் முடியும்."

லோஷினி இருமினா.

கார்ல ஏறினதும் என் வாய் காது வரைக்கும் போயிருந்துச்சு. "அப்ப மெர்சிங்?"

"சொன்னா சொன்னதுதான். போயிட்டு வாங்க. ஆனா வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ பாருங்க."

அவ போனை நீட்டினா. அதுல ஒரு தட்டு. தட்டுக்குப் பின்னால ஒரு தொப்பை. தொப்பையில இருந்து என் குரல்: "மக்களே, இது சாதாரண ஆடு இல்ல, மலையில புல்லு தின்ன ஆடு."

ஏர்கான் ஓடுற காருக்குள்ள எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு.

"இது... இது எப்படி உனக்கு?"

"உங்க போன்ல என் நம்பரை என்ன பேர்ல வச்சிருக்கீங்க?"

அலமாக். உங்ககிட்ட அதைச் சொல்ல மறந்துட்டேன். கல்யாணம் ஆன புதுசுல, கூட்டாளிங்க முன்னாடி போன் அடிச்சா எல்லாரும் சிரிக்கணும்னு விளையாட்டா ஒரு பேர் போட்டேன். அதுக்கப்புறம் மாத்தவே இல்ல. மாத்துற மாதிரி எதுவும் நடக்கவும் இல்ல. பாஸ்.

"ஒரு நாள் கிளினிக்ல பஞ்சு அடுக்கிக்கிட்டு இருக்கேன். எனக்கு ஒரு செய்தி. 'ரூபேந்திரன் தன்னோட மாத்துச் சாவியை உங்ககிட்ட ஒப்படைக்கிறார். உங்களைவிட நம்பிக்கையான ஆளு தனக்கு யாரும் இல்லன்னு சொல்லியிருக்கார். ஏத்துக்கிறீங்களா?' எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. இத்தனை வருசத்துல நீங்க என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்ல. டாக்டரம்மாகிட்ட காட்டினேன். அவங்களும் கண்ணைத் துடைச்சாங்க."

அவ சொல்றப்ப நிஜமாவே கண்ணு கலங்குச்சு. எனக்கும் என்னமோ பண்ணுச்சு. அவ கையைப் பிடிச்சேன்.

"அப்புறம் முதல் வீடியோவைத் திறந்தோம்"னா.

கையை விட்டுட்டேன்.

"வீட்டுல திறக்காது. அதனால மத்தியான ரெஸ்ட்ல கிளினிக்லயே உட்கார்ந்து பார்ப்போம். டாக்டரம்மா ஒண்ணு விடாமப் பார்த்துட்டாங்க. உங்களுக்கு மேல் வரிசையில ஒரு பல்லு சொத்தையாம், வந்து காட்டச் சொன்னாங்க."

"அப்பவே என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க கடையை மாத்துவீங்க. புதுக் கடை எல்லாம் தேடிப் போய்ப் பேசுறது எனக்குத்தானே அலைச்சல்?"

"பேசுறதா? என்ன பேசினே?"

அவ விரலை மடக்க ஆரம்பிச்சா. ராசம்மா அக்கா கடையில எனக்கு மட்டும் தனிப் பானை. பழுப்பரிசி, தேங்காய்ப் பால் பேருக்கு. புது அரிசி தம்பின்னு அக்கா சொன்னப்ப, "என்ன மணம் பாருங்க மக்களே"ன்னு நான் மூணு தடவை முகர்ந்து காட்டியிருக்கேன். செண்டோல்ல பாகுக்குப் பதிலா பாதிக்கு மேல சீனி போடாத தே ஓ, அதான் பால் இல்லாத டீ. "இதுதான்யா அசல் குலா மெலாக்கா வெல்லம்"ன்னு அதுக்கும் ஒரு வீடியோ இருக்கு.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். "அமீர் பாய் அப்படிப் பண்ண மாட்டாரு. அந்த ஆடு..."

"காளான்."

"என்னது?"

"காளான், கீரை, கோதுமை மாவு. ஆடு அந்தப் பக்கமே வரல."

நான் ஜன்னல் வழியா வெளிய பார்த்தேன். உலகம் எப்பவும் போல ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. புல்லு தின்ன ஆடுன்னு சொன்னவன் நான். சொன்னதோட விட்டேனா, எந்த மலைன்னும் சொல்லியிருக்கேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரா லோங்காங் ஓரம் போய் நின்னுக்கிட்டு மெஷினைக் கூப்பிட்டேன். ஆன்ட்டி போட்ட நாற்காலி இன்னும் அங்கதான் கிடந்துச்சு.

"இப்படிக் காட்டிக் குடுத்துட்டியே, நியாயமா?"

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். வீட்டுக்கு இன்னைக்கு வரைக்கும் எதுவும் தெரியாது. ஒரு வீடியோகூட வீட்டுக்குள்ள திறந்ததில்ல."

"வீடுன்னா வீடு இல்ல. வீடுன்னா... விடு. எல்லாத்தையும் அழிச்சிடு."

"அழிக்கிறதுக்கு ரெண்டு சாவியும் வேணும். பாஸ்கிட்ட கேக்கட்டுமா?"

"கேளு."

கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்துச்சு. "வேணாம்னு சொல்லிட்டாங்க. நல்லா இருக்காம். அமீர் கடைக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்னாங்க, அனுப்பிட்டேன்."

அமீர் கடைக்கு ஓடினேன். சுவத்துல பெரிய டிவி. எப்பவும் பந்தாட்டம் ஓடுற டிவி. அதுல என் தொப்பை. கீழ எழுத்து: எங்க காளான் முர்தாபாக்கைப் பத்தி நம்ம ரூபேந்திரன் என்ன சொல்றார் பாருங்க. கடையில உட்கார இடம் இல்ல. நாலு பேரு என்னைப் பார்த்ததும் எழுந்து கை குடுத்தாங்க. ஒருத்தரு அந்த மலைக்கு வழி கேட்டாரு. அமீர் வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. திட்டணும்னு போனவன் என்ன செய்றது, ஒரு முர்தாபாக் சாப்பிட்டுட்டு வந்தேன். உண்மையைச் சொல்றேன், காளான்னு தெரிஞ்சும் நல்லாத்தான் இருந்துச்சு.

போகட்டும். மெர்சிங் கைவிட்டுப் போகல இல்ல? லோஷினி பேச்சு மாற மாட்டா. தொப்பி, சட்டை எல்லாம் அவளே மடிச்சு வச்சா. "நல்லா சந்தோசமா இருந்துட்டு வாங்க"ன்னு கேட்டு வரைக்கும் வந்து அனுப்பினா. காளியப்பனும் கூட வந்தான். செஞ்ச பாவத்துக்கு வழியெல்லாம் அவன்தான் கார் ஓட்டினான்.

கடல்ல அந்த வருசம் நல்ல சோத்தோங். தூண்டிலை இறக்க இறக்க மையைப் பீச்சிக்கிட்டு வந்துச்சு. சட்டையெல்லாம் கறுப்பு, மனசெல்லாம் வெள்ளை. விடிஞ்சு கரைக்கு வந்தோம். படகுக்காரரு வீடு படகுத்துறைக்குப் பக்கத்துலயே. வயசான மலாய்க்காரரு, ரொம்ப நல்ல மாதிரி. நாங்க பாக்சிக், அதான் மாமான்னு, கூப்பிடுவோம். நீங்க குளிச்சிட்டு வாங்க, நான் பொரிச்சு வைக்கிறேன்னாரு.

தட்டு வந்துச்சு. பொன்னிறமா, மொறுமொறுன்னு, ஆவி பறக்க. நான் வீடியோ எடுக்கல. போனை அணைச்சுப் பையில போட்டுட்டேன். இங்க ராசம்மா அக்கா இல்ல, அமீர் இல்ல, எந்த மெஷினும் இல்ல. லோஷினிக்கு ஆள் தெரியாத ஊரு. ஒரு துண்டை எடுத்து வாயில போட்டுக் கண்ணை மூடினேன். பல மாசத்துப் பசி அப்படியே இறங்குச்சு. கண்ணைத் திறக்காமலே இன்னும் நாலு துண்டு. காளியப்பன் தட்டுல இருந்து ரெண்டு.

படகுக்காரருகிட்ட மனசு விட்டுச் சொன்னேன். "பாக்சிக், மனுசன் என்ன வேணும்னாலும் பேசலாம். நல்ல சூடான எண்ணெய்ல முங்கிப் பொரிஞ்சு வர்ற இந்த ருசி இருக்கே, இதை யாராலயும் ஏமாத்திக் குடுக்க முடியாது. என் நாக்கு கண்டுபிடிச்சிடும்."

"எண்ணெயா?"ன்னு அவரு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. "உங்க மனைவி போன வாரம் கூரியர்ல அனுப்பின ஏர் ஃப்ரையர்லதான் எல்லாத்தையும் போட்டேன். போகும்போது உங்க கையிலேயே குடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க."